பொதியமும் போதலகமும்

மலையை இறைவன் திருமேனியாகக் கண்டு வணங்குதல் உலகத்துப் பல நாட்டார்க்கும் பொதுவாகிய வழக்கமாகும். நம்மவர்க்கு வடகோடியில் திருக்கயிலையும் நடுவே திருவண்ணாமலையும் தென்கோடியிற் பொதியமும் அத்தகைய மலைகள். அவற்றுள் பொதியம், வானம் பார்த்து வாழும் கரிசற் சீமையாராகிய நமக்கு மிக அணித்து. குளத்தூர்த் திருக்கோயிலின் குடமுழுக்குப் பெருவிழாவிலே அம்மலையின் பெருமையைச் சிறிது சிந்தித்தல் பொருத்தமேயாம்.

பொதியில், பொதியம், பொதிகை, மலயம் என இது பல பெயர் பெறும். புறநானூற்றின் இரண்டாம் பாட்டிலே முரஞ்சியூர் முடிநாகனார் இமயத்தையும் பொதியத்தையும் ஒருங்கே நிறுத்திச் சேர வேந்தனை வாழ்த்துகின்றார். வள்ளல் ஆய் அண்டிரன் ஆண்டதும் இம்மலைச் சாரலே. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் யவன நாட்டுத் தாலமி தம் நிலநூலிற் குறித்த 'பெட்டிகோ' என்னும் மலை இதுவே என்பர் ஆராய்ச்சியாளர்.

கயிலையில் நிகழ்ந்த திருமணத்தால் வடபுலம் தாழ, உலகைச் சமன் செய்யுமாறு சிவபெருமான் அகத்திய முனிவரைத் தென்றிசைக்கு விடுத்தருளினான் என்பதும், பாபநாசத்தில் அவர்க்கு மணக்கோலம் காட்டியருளினான் என்பதும் நம் புராண மரபு. ஆயினும், 11-ஆம் நூற்றாண்டிற் பௌத்தராகிய புத்தமித்திரனார் இயற்றிய வீரசோழியம், அகத்தியர் அவலோகிதர்பாற் றமிழ் கேட்டார் என்னும். சமயம் வேறுபடினும் இரு சாராரும் முனிவரையும் தமிழையும் கைவிட்டிலர் என்பது நோக்கத்தக்கது.

அவலோகிதர் உறையும் மலையைப் பௌத்தர் 'போதலகம்' என்பர். கி.பி. 7-ஆம் நூற்றாண்டில் நம் நாட்டிற்கு வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், அது மலய மலைக்குக் கிழக்கே உளது என்றும், அதன் உச்சியில் ஒரு பொய்கையும் அதினின்று தென்கடல் நோக்கி இழியும் ஆறும் உள என்றும் எழுதினார். இக்குறிப்புக் கொண்டு, போதலகம் என்பது பொதியமே எனத் துணிந்தார் ஜப்பானிய அறிஞர் ஹிகோசகா. அது முடிந்த முடிபு அன்றாயினும், பெயரும் இடமும் ஒத்திருத்தல் சிந்தனைக்கு உரியது.

அப்பெயர் கடல் கடந்தும் சென்றது. சீனத்துக் கீழ்க்கடலில் உள்ள பூதுவோ என்னும் சிறு தீவுமலை, போதலகம் என்பதன் திரிபாற் பெயர் பெற்றது. அந்நாட்டுப் பௌத்தரின் நான்கு திருமலைகளுள் ஒன்று. ஜப்பானியத் துறவி ஒருவர் கொண்டு சென்ற திருவுருவம் அத்தீவைவிட்டு அகல மறுத்தது என்பது அங்குள்ளார் கூறும் தலவரலாறு. பெயர்க்கவொண்ணாத திருமேனிகளின் கதைகள் நம் ஊர்களிலும் பல அல்லவோ? அத்தீவிற்கே உரிய மரமொன்று 1932-இல் தாவர நூலாராற் பெயரிடப்பெற்றது. காட்டிற் பிறந்த அவ்வினத்து முதுமரம் இன்று ஒன்றே எஞ்சியுளது. அது நிற்குமிடம் ஒரு கோயிலின் அருகு. அதன் வித்தினின்று கன்றுகள் வளர்க்கப்பெற்றுப் பிற இடங்களிலும் நடப்பட்டுள்ளன.

பொதியத்தின் செல்வமோ அளப்பரிது. 1,868 மீட்டர் உயர்ந்த அகத்தியர் முடியைச் சூழ்ந்த வனம், 2001-இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பெற்று, 2016-இல் யுனெஸ்கோவின் உலகப் பட்டியலிலும் இடம்பெற்றது. 2,254 வகை உயர்தாவரங்கள் அங்குள. அவற்றுள் ஏறக்குறைய 400 வேறெங்கும் இயல்பாக வளராதவை. புலியும் யானையும் வரையாடும் சிங்கவால் குரங்கும் இருவாச்சியும் ஆண்டு வாழ்வன. காணிக்காரர் என்னும் மலைமக்கள் அகத்தியரைத் தம் குலகுருவாகப் போற்றுவர். 1987-இல் அவர்கள் ஆராய்ச்சியாளர்க்குக் காட்டிய சோர்வு போக்கும் பச்சிலை பின்னர் மருந்தாயிற்று. அதன் வருவாயில் ஒரு பங்கு அவர்க்கும் அளிக்கப்பெற்றது. முனிவர் மரபின் மருத்துவம் ஏட்டில் மட்டும் உறைவதன்று என்பதற்கு இதுவே சான்று.

இனி, நமக்கு இம்மலையோடு உள்ள தொடர்பு யாது? வைப்பாறு மழைக்காலத்தன்றிப் பெருகாது. பொருநையோ இரு பருவ மழையாலும் ஊட்டப்பெறுவது. சீவலப்பேரியில் எடுக்கப்பெறும் அவ்வாற்று நீரே கோவில்பட்டி மக்களின் தாகம் தணிக்கின்றது. சோலைக்காடு மழையைத் தேக்கிச் சிறிது சிறிதாக விடுதலின், கோடையிலும் ஆறு வற்றாது ஓடுகின்றது. காடு அழியின் ஆறு இல்லை. ஆறு இன்றேல் கலசத்தில் நிறைக்கப் புனிதநீரும் இல்லை.

இங்ஙனமாகவும், பாபநாசத்தில் நீராடுவோர் உடுத்த ஆடைகளை ஆற்றிலேயே விடுத்துச் செல்கின்றனர். வனத்துள் அமைந்த கோயில்களுக்குச் செல்வோர் நெகிழிப் பைகளையும் எறிந்து வருகின்றனர். மடத்திலே யான் பயின்ற நூல்களில் இதற்கு விதி யாண்டும் கண்டிலேன். தீர்த்தத்தை மாசுபடுத்திப் பாவம் போக்குதல் எங்ஙனம் கூடும்? தலமும் மூர்த்தியும் தீர்த்தமும் ஒருசேரப் போற்றற்குரியன என்பதன்றோ நம் மரபு?

கோபுரத்திற்குப் பொன்னும் பொருளும் உவந்தளித்த புண்ணியசீலர்களே! பொருநைக்குச் செல்லுங்கால் அங்கு யாதும் விடுத்து வாராமையும், நம் ஊர்த் திருக்குளத்தைத் தூர்வாரிக் காத்தலும், நந்தவனத்தில் மரம் வளர்த்தலும் சிவபுண்ணியமேயாம். சீனத்து ஒரு கோயிலின் அருகே ஒரு மரம் தன் இனத்தைத் தாங்கி நின்றது. நம் கோயில்களின் அருகும் அத்தகைய காவலாகுக. மலை வாழ, மழை வாழும். மழை வாழ, வழிபாடு வாழும்.

திருச்சிற்றம்பலம்.