மலைக்குப் போகாத கடிதம்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசிய நண்பர் ஒரு கேள்வியை வீசிவிட்டுப் போனார். "கேமரன் மலையில் நாலு கூடை காய்கறி விற்கிறவனுக்குக் கம்பெனி செக்ரட்டரி எதற்கு? அவருக்குக் கொடுக்கும் பணம் தண்டம்தானே?" என்று கேட்டார். கைதட்டலும் பலமாக விழுந்தது. அவர் கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் பதிலைத் தேடினால் சட்டப் புத்தகத்தை விட சரித்திரப் புத்தகம்தான் அதிகம் உதவுகிறது.

முதலில் நம் நாட்டுக்கோட்டை நகரத்தார்களைப் பாருங்கள். முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். கடை கோலாலம்பூர் லெபோ அம்பாங்கிலோ, பினாங்கிலோ, ஈப்போவிலோ இருக்கும். கடையை நடத்துகிறவர் ஏஜெண்ட். பொதுவாக மூன்று ஆண்டுக் கணக்கு. அவர் கப்பல் ஏறும்போது கையில் முதலாளி எழுதிக் கொடுத்த பவர் பத்திரம் இருக்கும். கடன் கொடுப்பது, அடமானம் எழுதுவது, கோர்ட்டில் வழக்குப் போடுவது எல்லாம் அந்தப் பத்திரத்தின் பலத்தில்தான். கடைமேல் யாராவது வழக்குப் போட்டாலும், முதலாளியைத் தேடிக் காரைக்குடிக்குப் போக வேண்டியதில்லை. ஏஜெண்ட் கிட்டங்கியிலேயே உட்கார்ந்திருப்பார். மூன்று ஆண்டு முடிந்து அவர் ஊர் திரும்பினால், அடுத்தவர் புதுப் பவரோடு அதே பெட்டியடிக்கு வருவார். ஆள் மாறும், கடை மாறாது.

இதில் ஒரு சுவையான சங்கதி. கடையின் பெயராக அவர்கள் வைத்துக்கொண்ட முன்னெழுத்துகள் இருக்கின்றனவே, அதற்கு அவர்கள் சொன்ன பெயர் 'விலாசம்'. வணிகத்தின் பெயரும் கடிதம் வந்து சேரும் இடமும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டன. இதைவிடப் பொருத்தமான சொல்லை எந்த வக்கீலாலும் கண்டுபிடிக்க முடியாது என்பது என் அபிப்பிராயம்.

வெள்ளைக்காரர் செய்ததும் ஏறக்குறைய இதேதான், அளவுதான் பெரிது. ரப்பர் விலை ஏறிய 1910 வாக்கில், லண்டனில் பங்கு விற்று எத்தனையோ தோட்டக் கம்பெனிகள் முளைத்தன. அவற்றின் பங்குதாரர்களில் பலர் மலாயாவைக் கண்ணால் பார்த்ததே இல்லை. அவர்கள் சார்பில் இங்கே கடிதம் வாங்க, கணக்கு எழுத, கையெழுத்துப் போட ஏஜென்சி நிறுவனங்கள் இருந்தன. ஹாரிசன்ஸ் அண்ட் கிராஸ்ஃபீல்ட், கத்ரி, பூஸ்டெட் என்று நம் தாத்தாக்களுக்கெல்லாம் பழக்கமான பெயர்கள். தோட்டத்துத் துரைக்கே அந்த ஏஜெண்ட் என்றால் பயம்.

இப்போது கேமரன் மலைக்கு வருவோம். 1885இல் வில்லியம் கேமரன் நில அளவைக்காக ஏறிய மலை அது. அரசாங்கம் அக்கறையோடு திரும்பிப் பார்க்க 1920கள் ஆயின. மலை பகாங் மாநிலத்தைச் சேர்ந்தது, பாதையோ பேராக் மாநிலத்துத் தாப்பாவிலிருந்து போட்டது. தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர், முழுக்க வளைவு. மாநிலத் தலைநகர் குவாந்தான் கிழக்குக் கடற்கரையில் இருக்கிறது. ஓர் ஊருக்குச் சட்டக் காகிதம் போய்ச் சேர்வதைக் கடினமாக்க வேண்டும் என்று யாராவது திட்டம் போட்டால் இப்படித்தான் போட்டிருப்பார்கள்!

அந்த மலையில் 1929இல் ஜே.ஏ. ரசல் என்ற கோலாலம்பூர் வணிகர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். இலங்கையில் தேயிலை பயிரிட்டு அனுபவம் பெற்ற ஏ.பி. மில்ன் துணைக்கு வந்தார். 1933இல், வட இந்தியாவிலிருந்து வந்த அகர்வால் குடும்பத்தாரின் பாரத் தேயிலையும் அங்கே கால் ஊன்றியது. அதே 1933இல் ரசல் இறந்துபோனார். தொடங்கி நாலே வருடம், உலகமெங்கும் மந்தம், முதலாளியும் இல்லை. ஆனாலும் தோட்டம் நிற்கவில்லை. கம்பெனி என்பது ஆளைச் சார்ந்து மூச்சு விடுகிற பொருள் அல்ல. அதற்குப் பதிவேட்டில் ஒரு பெயர் உண்டு, அந்தப் பெயருக்கு வரும் காகிதத்தை வாங்கிக்கொள்ள ஓர் அலுவலகம் உண்டு.

சரி, அந்தக் கொழுந்தைக் கிள்ளிய நம் மக்களுக்கு என்ன விலாசம் இருந்தது?

'தோட்டத்து ஆபீஸ் மேற்பார்வை' என்பதுதான் அவர்களின் விலாசம். ஊரிலிருந்து வரும் கடிதமெல்லாம் ஆபீசுக்கு வரும். கிராணி பிரித்துப் பெயர் சொல்வார். படிக்கத் தெரியாதவருக்கு அவரே படித்தும் காட்டுவார். நல்ல கிராணி வாய்த்தால் நல்லது. வாய்க்காவிட்டால், கடிதம் எப்போது கைக்கு வரும், அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதெல்லாம் அவர் மனம் வைத்ததுதான்.

'ஏஜெண்ட்' என்ற சொல்லும் நம்மவர் காதில் விழாமல் இல்லை. 1922ஆம் ஆண்டு இந்திய வெளிக்குடியேற்றச் சட்டத்தை ஒட்டி, இந்திய அரசாங்கத்தின் ஏஜெண்ட் ஒருவர் கோலாலம்பூரில் அமர்த்தப்பட்டார். தோட்டங்களைச் சுற்றிப் பார்ப்பார், குறை கேட்பார், ஆண்டறிக்கை எழுதுவார். அந்த அறிக்கைகள் இல்லையென்றால் அன்றைய தோட்ட வாழ்க்கையைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பாதி தெரியாமலே போயிருக்கும். 1938இல் மலாயாவுக்குக் கூலியாட்கள் உதவித்தொகையில் வருவதை இந்திய அரசாங்கம் நிறுத்தியதிலும் அந்த அலுவலகத்துக்குப் பங்கு உண்டு. ஆனால் அவர் ஒரு சமூகத்துக்கான ஏஜெண்ட். முனியாண்டிக்கு வரும் நோட்டீசை வாங்கி முனியாண்டி கையில் சேர்ப்பது அவர் வேலை அல்ல. முதலாளிக்குத் தனி ஏஜெண்ட் இருந்தார், தொழிலாளிக்கு இல்லை. என் பேச்சின் சாரமே இவ்வளவுதான்.

அந்த முனியாண்டியின் பேரன் இன்று என்ன செய்கிறான்? தோட்டத்தில் வங்காளதேசத்தாரும் நேப்பாளிகளும் கொழுந்து கிள்ளுகிறார்கள். பேரன் பிரிஞ்சாங்கில் காய்கறிக் கடை வைத்திருக்கிறான், லாரி ஓட்டுகிறான், பூச்செடி வளர்க்கிறான். சொந்தப் பெயரில் 1956ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டத்தின்படி பதிந்திருப்பான். பதிந்த அன்று கொடுத்த விலாசம் எது? பல பேருக்கு அப்பாவின் லயத்து வீட்டு விலாசம். அப்பா ஓய்வு பெற்று வீட்டைக் காலி செய்து எத்தனையோ வருடம் ஆகியிருக்கும். விவரம் மாறினால் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். யார் தெரிவிக்கிறார்கள்?

உரம் கொடுத்த கடைக்காரர் பாக்கிக்கு வழக்குப் போடுகிறார் என்று வையுங்கள். 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின்படி சம்மனை நேரில் கொடுக்கலாம், அல்லது 'கடைசியாகத் தெரிந்த விலாசத்துக்கு' ஒப்புகைப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். கடைசியாகத் தெரிந்த விலாசம் அந்தப் பழைய லயம்! அங்கே வேறு யாரோ கையெழுத்துப் போட்டு வாங்கி அலமாரி மேல் வைத்துவிட்டால்? கோர்ட்டில் ஆஜராவதாகத் தெரிவிக்க 14 நாள். அது கடந்தால் எதிர்த்தரப்பு ஒருதலைத் தீர்ப்புக் கேட்டு வாங்கிவிடலாம். லாரியை இழுக்க ஆள் வரும்போதுதான் பேரனுக்கு வழக்கு இருப்பதே தெரியும். தீர்ப்பைத் தள்ளி வைக்க மனுப் போடலாம்தான். அதற்கு வக்கீல் வேண்டும், காசு வேண்டும், சம்மன் கைக்கு வரவில்லை என்று சாட்சி வேண்டும். பாக்கியை ஏற்கெனவே கட்டியிருந்தால்கூட அதைச் சொல்ல வாய்ப்புக் கிடைக்காமல் போகிறது. அதுதான் கொடுமை.

இது நம் ஊருக்கு மட்டும் வந்த தலைவலி அல்ல. அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டிலேயே மாநிலங்கள் வெளிமாநில இன்சூரன்ஸ் கம்பெனிகளைப் பார்த்து, "இங்கே வியாபாரம் செய்ய வேண்டுமா? கோர்ட்டுக் காகிதம் வாங்க இங்கேயே ஓர் ஆளைக் காட்டு" என்றன. அது வளர்ந்து வளர்ந்து, இன்று அங்கே பெரும்பாலான மாநிலங்களில் கம்பெனிக்குப் பதிவு பெற்ற ஏஜெண்ட் கட்டாயம். டெலவேர் மாநிலத்தின் வில்மிங்டன் நகரில் ஒரு மாடிக் கட்டடம், நார்த் ஆரஞ்சு தெரு 1209ஆம் எண். 2012 கணக்குப்படி 2,85,000 நிறுவனங்களுக்கு அதுதான் சட்ட விலாசம்! வரி ஏய்ப்புக்கு வசதி என்று அதைக் கரித்துக் கொட்டுகிறவர்களும் உண்டு, அதில் உண்மையும் இருக்கிறது. அது வேறு கருத்தரங்குக்குரிய தலைப்பு.

நம் நாட்டில் அந்த வேலையைச் செய்வது பதிவு அலுவலகமும் கம்பெனி செக்ரட்டரியும். 1965ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்திலேயே இரண்டும் உண்டு. வெளிநாட்டுக் கம்பெனி இங்கே கிளை திறந்தால் காகிதம் வாங்க உள்நாட்டு ஏஜெண்டைக் காட்ட வேண்டும் என்ற விதியும் உண்டு. 2017 ஜனவரி 31இல் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டம் எவ்வளவோ தளர்த்தியது. முன்பு குறைந்தது இரண்டு இயக்குநர் வேண்டும், இப்போது தனியார் கம்பெனிக்கு ஒரே ஆள் போதும். ஆனால் செக்ரட்டரியை மட்டும் விடவில்லை. கம்பெனி பதிந்த 30 நாளுக்குள் அமர்த்தியாக வேண்டும், அவர் மலேசியாவிலேயே குடியிருக்க வேண்டும். மலையில் மண் சரிந்து பாதை அடைபட்டாலும் தாப்பாவிலோ ஈப்போவிலோ உள்ள அவர் அலுவலகத்துக்குத் தபால் போகும். அவர் பிரித்துப் பார்த்து, "தம்பி, சம்மன் வந்திருக்கிறது, உடனே வா" என்று போன் போடுவார். நண்பர் தண்டம் என்று சொன்ன செலவு அந்த ஒரு போனுக்குத்தான்.

செக்ரட்டரி உங்களுக்காக வழக்காட மாட்டார், அது வக்கீல் வேலை. கட்டணத்தை இழுத்தடித்தால் அவர் விலகிக்கொள்ளவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. நாலு கூடை விற்பவர் கம்பெனியே தொடங்க வேண்டும் என்றும் நான் சொல்ல வரவில்லை. தனி வணிகராகவே இருப்பவர் அடுத்த முறை லைசென்ஸ் புதுப்பிக்கப் போகும்போது, பதிவேட்டில் தம் பெயருக்கு நேரே எந்த விலாசம் இருக்கிறது என்று ஒரு தடவை அச்செடுத்துப் பார்க்கட்டும். ரிங்லெட் என்றால் 39200, தானா ராத்தா என்றால் 39000, பிரிஞ்சாங் என்றால் 39100. கடை பிரிஞ்சாங்கில் இருந்து, தாளில் ரிங்லெட் லயத்து எண் இருந்தால், அன்றைக்கே மாற்றிவிட்டு வரட்டும்.