சாயத் தொட்டியும் கடை வாசலும்

கொழும்பின் சரித்திரத்தை எழுதப் புகுந்தோர் கறுவாவையும் கோப்பியையும் தேயிலையையும் துறைமுகத்தையும் விஸ்தாரமாகப் பேசியிருக்கிறார்களேயன்றி, நூலையும் அதற்கு ஏற்றும் நிறத்தையும் ஒரு பொருட்டாக மதித்து எழுதியவர் மிகச் சிலரே. ஆயினும், தாமே சாயந்தோய்த்த நூற்கழிகளையும், அந்நூலைக் கொண்டு தாமே பின்னிய தொப்பி, கழுத்துச் சால்வை, குழந்தைச் சட்டை முதலியவற்றையும் ஒரு மேசையின்மேற் பரப்பிக்கொண்டு நகரத்தின் கைவினைச் சந்தைகளில் நிற்கும் பெண்களைக் கண்டு, இது மேனாட்டிலிருந்து நேற்று வந்திறங்கிய மோஸ்தர் என்றெண்ணி அப்பாற் செல்பவர், முந்நூறு வருஷத்து வழக்கொன்றின் அண்மைக்கால விசாரணையைப் பாராமலே போகிறார். சாயத்திற் கையை நனைத்தவருக்கும் காசு கொடுத்து வாங்கியவருக்கும் நடுவே நின்றவர் யார் என்பதே அவ்வழக்கு.

வழக்கு கொழும்பில் ஆரம்பிக்கவில்லை. மன்னாரிலும் யாழ்ப்பாணத் தீவுகளிலும் ஆரம்பிக்கிறது. அப்பகுதிகளின் மணற்பாங்கான நிலத்தில் சாயவேர் என்னும் சிறு பூண்டு தானாகவே முளைக்கும். கண்டால் ஒருவரும் இரண்டாம் முறை திரும்பிப் பாரார்; அதன் பெருமையெல்லாம் மண்ணுக்குள் நீண்டிறங்கும் மெல்லிய வேரின் பட்டையிலே அடங்கியிருந்தது. சோழமண்டலக் கரையிலும் சாயவேர் உண்டு, அங்கே அதைப் பயிரிட்டும் வளர்த்தனர். எனினும், காட்டில் விளைந்த ஈழத்து வேரையே சாயக்காரர் விரும்பினர். 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தக் கும்பனியார் இந்த வேரைத் தங்கள் ஏகபோகமாக்கிக்கொண்டார்கள். வேர் கிண்டுவதையே குலத்தொழிலாகக் கொண்டிருந்த மக்கள் அதைத் தோண்டிக் கும்பனியின் பண்டகசாலையில் ஒப்புவிக்கவேண்டும் என்பது ஊழியக் கடமையாயிற்று. கும்பனி கொடுத்ததே விலை. யாழ்ப்பாணத்துக் கொமாண்டராயிருந்த ஹென்றிக் ஸ்வார்டகிரோன் 1697 இல் எழுதிவைத்த குறிப்பிலே, யானை வியாபாரத்தோடும் வரிகளோடும் ஒருங்கே சாயவேரும் ஒரு வருமான விஷயமாக இடம்பெற்றிருக்கிறது. வேரைத் தோண்டியவனின் முதுகைப் பற்றி அதிலே அதிகம் இல்லை.

அக்காலத்துச் செந்நிறம் எத்துணைப் பிரயாசையால் விளைந்தது என்பதை இங்கே சிறிது நின்று பார்ப்பது தகும். பருத்தி இழை நிறத்தை எளிதில் ஏற்காது. ஆகையால், நூலை முதலில் எண்ணெயும் ஆட்டுப் புழுக்கையும் சாம்பற்காரமும் கலந்த கரைசலில் நனைத்து, வெயிலிற் காயவைத்து, மீண்டும் நனைத்து, மீண்டும் காயவைத்து, இவ்வாறு பல நாள் பதப்படுத்துவர். பின்னர், கடுக்காயின் துவர்ப்பும் படிகாரமும் ஏற்றப்பட்ட பிறகே வேர்ப்பொடி இட்ட தொட்டிக்குள் அது இறங்கும். தண்ணீரில் சுண்ணச் சத்து இருந்தாலன்றிச் சிவப்புத் துலங்காது. ஒரே வேர், ஒரே கைப்பக்குவம், ஆனால் கிணறு மாறினால் நிறமும் மாறிப்போகும். மதுரைச் சௌராஷ்டிரச் சாயக்காரரின் சிவப்புக்கு வைகைத் தண்ணீரே காரணம் என்று சொல்லிவந்ததும் இதுபற்றியே. ஈழத்து வேர் மூட்டைகளும் பெரும்பாலும் கடல் கடந்து சோழமண்டலத் தொட்டிகளுக்கே சென்றன. தோண்டியவன் ஒரு கரையில், தோய்த்தவன் மறு கரையில், உடுத்தியவனோ ஐரோப்பாவிலோ ஜாவாவிலோ. மூவரையும் அறிந்தவர் கும்பனியார் ஒருவரே.

ஒல்லாந்தருக்குப் பின் வந்த ஆங்கிலேயரும் ஆரம்பத்தில் இவ்வருமானத்தைக் கைவிடவில்லை. வேரின் காலத்தை முடித்துவைத்ததோ ஓர் இரசாயனச் சாலை. 1868 இல் ஜெர்மனியைச் சேர்ந்த கிரேபே, லீபர்மன் என்னும் இருவர் அலிசரின் என்ற செந்நிறப் பொருளைச் செயற்கையாக ஆக்கும் உபாயத்தைக் கண்டனர்; அடுத்த சில வருஷங்களுக்குள் அது மலிந்த விலைக்குச் சந்தையிலே வந்து குவிந்தது. சாயவேரின் சிவப்பிலும் அதே அலிசரின் தான் பிரதானம் என்பதால், மன்னார் மணலிலே குனிந்து வேர் கிண்டுவதற்கு அதன்பின் எவருக்கும் காரணம் இருக்கவில்லை. வேர் கிண்டியவரின் ஜீவனமும் அதனோடு ஒழிந்தது.

இதற்குச் சுமார் இருபது வருஷங்களின் பின்னர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் எண்பதுகளில், வெள்ளவத்தையில் நூல் நூற்று நெய்யும் மில் எழுந்தது. பிற்காலத்தில் அது பார்ஸி வகுப்பைச் சேர்ந்த கப்டன் குடும்பத்தாரின் உடைமையாயிருந்தது. இன்று ஹவ்லொக் வீதியால் செல்வோர் வானளாவிய குடியிருப்புக் கோபுரங்கள் நிற்கும் ஹவ்லொக் சிற்றியைக் காண்கிறார்களே, அந்த நிலந்தான் மில் நின்ற நிலம். தமிழர் குடியிருப்பாக வெள்ளவத்தை பிரசித்தி பெறுவதற்கு முன்பே, அந்த மதிலுக்குள் இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர், விசேஷமாக மலையாளிகள், சிங்களத் தொழிலாளரோடு கலந்து வேலைசெய்தனர். பஞ்சாக உள்ளே போனது துணியாக வெளியே வந்தது. இடையில் அதைத் தொட்ட கைகள் எவருடையவை என்பதை வாங்குபவர் அறிய வழியில்லை.

அக்கைகள் தம்மைத் தாமே ஊருக்கு அறிவித்துக்கொண்ட ஒரு சந்தர்ப்பம் 1933 இல் வாய்த்தது. உலகப் பொருளாதார மந்தத்தின் நடுவே, மில்லின் தொழிலாளர் சுமார் ஆயிரத்து நானூறு பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். கொழும்பிலே தொழிலாளர் தலைவர் என்று அதுகாறும் கொண்டாடப்பட்டு வந்த ஏ. ஈ. குணசிங்க, மலையாளிகளுக்கு எதிரான பேச்சு மேலோங்கிய அக்காலத்தில், வேலைநிறுத்தத்திற்கு எதிர்ப்புறத்தில் நின்றார். இளம் நியாயவாதியான கொல்வின் ஆர். டி சில்வாவோ வெள்ளவத்தை மில் தொழிலாளர் சங்கத்தின் தலைவராக அவர்களோடு நின்றார். வேலைநிறுத்தம் பெரும் வெற்றி கண்டதென்று சொல்வதற்கில்லை. ஆனால், அந்த மில் வாசலிலே ஒன்றுகூடிய இளைஞர்களே 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியைத் தாபித்தோருள் முன்னின்றனர் என்பதை நினைக்கும்போது, இந்நாட்டு இடதுசாரி அரசியலின் தொட்டில்களுள் ஒன்று தறிச் சத்தத்தினிடையே ஆடியது என்று கூறலாம்.

இனி நகரத்தின் வடபுறம் செல்வோம். கொட்டாஞ்சேனை ஒரு பக்கம் துறைமுகத் தொழிலாளரின் குடியிருப்பு, ஒரு பக்கம் கொழும்புச் செட்டிகளின் பழைய வீடுகள், நடுவே புனித லூசியாள் பேராலயத்தின் கவிகை, சற்றே தள்ளிப் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லாற் புதுக்கிய பொன்னம்பலவாணேசுவரர் கோயில் என்று பல உலகங்கள் நெருங்கி வாழும் இடம். 1869 இல் இலங்கைக்கு வந்த நல்லாயன் சபைக் கன்னியர் இங்கேதான் தம் மடத்தை அமைத்தனர். கன்னியர் மடங்களிலே பெண்பிள்ளைகளுக்கு எழுத்தோடு ஊசி வேலையும் கற்பிப்பது அக்காலத்து முறை: தையல், லேஸ் பின்னல், கம்பளி நூலைக்கொண்டு இரண்டு ஊசிகளாற் பின்னும் வேலை. வெப்பநாட்டுப் பிள்ளைகளுக்குக் கம்பளிப் பின்னல் எதற்கு என்று கேட்பது நியாயமே. ஐரோப்பியப் பெண்கல்வியின் பாடத்திட்டம் சீதோஷ்ணத்தைப் பார்த்து எழுதப்பட்டதன்று என்பதுதான் விடை. ஆனாலும், வீணென்று தோன்றிய அந்த வித்தை விரல்களிலே தங்கிவிட்டது; தாயிடமிருந்து மகளுக்கும் சென்றது. நுவரெலியாவின் ஏப்ரல் பருவத்துக்குப் புறப்படுவோருக்கு ஒரு ஸ்வெற்றர், பிறக்கப்போகும் குழந்தைக்கு ஒரு சோடி காலுறை என்ற அளவில், வீட்டுக்குள்ளேயே அது உயிரோடு இருந்தது.

அதே நல்லாயன் சபையின் வழியாகவே நமது கதையின் மிக விசேஷமான திருப்பமும் நேர்ந்தது. கண்டியிற் பிறந்து, கொடைக்கானல் கன்னியர் மடத்திலும் பின்னர் லண்டனிலும் பயின்ற பாபரா சன்சோனி என்னும் ஓவியரிடம், அச்சபையின் தலைமைப் பொறுப்பிலிருந்த குட் கவுன்சில் எனப் பெயர்கொண்ட ஐரிஷ் கன்னியர், தம் பராமரிப்பிலுள்ள ஏழைப் பெண்கள் நெய்யும் துணிகளுக்கு வர்ணமும் வடிவமும் அமைத்துத் தரும்படி கேட்டார். சன்சோனி நெசவு பயின்றவர் அல்லர், நிறங்களைக் காண்பவர். கையினாற் சாயமிட்ட பருத்தி நூலை, அதுகாறும் ஒருவரும் பக்கத்திற் பக்கம் வைக்கத் துணியாத நிறங்களில் வைத்து நெய்வித்தார். 1964 அளவில் இவ்வாறு தொடங்கிய முயற்சியே பெயர்பூட் என்ற பெயரில் காலி வீதியிற் கடையாய் வளர்ந்தது. சன்சோனி 2022 இல் காலமானார். கைச்சாய நூல் என்பது ஏழைகளின் மலிந்த சரக்கு என்றிருந்த எண்ணத்தை மாற்றி, அதனை விலையுயர்ந்த பண்டமாக்கிய பெருமை அவருக்கே உரியது என்பது என் அபிப்பிராயம். நடுவில் நின்றவர்களுள் இவர் நல்லவர். எனினும் நடுவில் நின்றவரே.

இதனிடையே அரசாங்கமும் நடுவே வந்து நின்றது. 1970 முதல் 1977 வரை இறக்குமதிகள் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலத்தில், வெளிநாட்டுத் துணி வராமற் போகவே, கைத்தறி பெருகிற்று. மருதமுனையிலும் மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் தறிகள் ஓயவில்லை. நூலும் சாயமும் கூட்டுறவுச் சங்கங்களின் வழியே பங்கீடாக வந்தன. 1977 இல் இறக்குமதிக்குக் கதவு திறந்தது. மலிந்த துணி வெள்ளமாய் வந்தது. தறிகளிற் பல நின்றுபோயின. அதே திறந்த கதவின் வழியாக ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலைகள் வந்தன. பனியனும் ஜேர்சியும் இலட்சக்கணக்கில் இயந்திரத்திற் பின்னப்பட்டுக் கப்பலேறின. அத்தொழிற்சாலைகளின் கதை பெரிது, தனியே எழுதப்படவேண்டியது.

வெள்ளவத்தைக்கு மீள்வோம். காலி வீதியின் இருமருங்கிலும் தமிழரின் புடைவைக் கடைகள் செறிந்திருந்த அவ்வூர் 1983 ஜூலையில், தமிழருக்கெதிரான கலவரத்தில் எரிந்தது. எரிந்த கடைகள் மீண்டும் எழுந்தன. கடைக்காரரின் பிள்ளைகளிற் பலர் மீளவில்லை. அவர்கள் தொரொன்ரோவிலும் லண்டனிலும் ஒஸ்லோவிலும் குடியேறிப் பிள்ளைகளைப் பெற்றபோது, கன்னியர் மடத்து ஊசிவேலைக்கு எதிர்பாராத ஒரு பிரயோஜனம் கிடைத்தது. வியர்வை வழியும் வெள்ளவத்தை மாடிவீட்டில் மின்விசிறியின் கீழே உட்கார்ந்து, பனிநாட்டுப் பேரனுக்குக் கம்பளித் தொப்பி பின்னும் அம்மம்மாமாரை நான் கண்டிருக்கிறேன். ஒருவர் பின்னியதைக் கண்டு அடுத்த வீட்டார் கேட்பர், அதன்பின் அவருடைய மகள் கேட்பாள். கைமாறாக நூலுக்குக் காசு வாங்கப்படும். பின்னியதற்கு வாங்கக் கூச்சம். சிறு வியாபாரங்கள் பல இவ்விதமே ஆரம்பமாகின்றன.

2012 இல் பத்தரமுல்லைத் தியத உயனவில் தொடங்கிய குட் மார்க்கற் போன்ற சந்தைகள் இக்கூச்சத்தை உடைப்பதற்கு உதவின. பண்டத்தை எவ்வாறு ஆக்கினீர் என்று முதலிலேயே விசாரித்து இடங்கொடுக்கும் சந்தை அது. சாயந்தோய்த்தவளே மேசைக்குப் பின்னால் நிற்கிறாள். நிறம் எதனால் வந்தது என்று வாங்குபவர் கேட்டால், அவளே சொல்கிறாள். பிக்குகளின் காவியுடைக்குத் தொன்றுதொட்டுப் பயன்பட்ட பலாக்கட்டையின் மஞ்சள் இது. கடுக்காயும் இரும்புத் துருவும் சேர்ந்த கருமை இது. மஞ்சட்கிழங்கின் நிறம் வெயிலிற் பறந்துவிடும் என்பதால் அதை வைப்பதில்லை. கம்பளி நூல் நிறத்தை எளிதில் ஏற்கும், பருத்திக்குப் பழைய பாடு முழுவதும் பட்டாகவேண்டும். மழைக்காலத்தில் நான்கு நாளாகியும் கழி காய்வதில்லை. ஒரு தொட்டியின் நிறம் மறு தொட்டிக்கு வராது என்பதை அறியாமல் ஒரு கழி வாங்கிச் சென்றவர், அடுத்த மாதம் வந்து அதே நிறம் வேண்டும் என்று நிற்பார். ஆகவே, சட்டைக்கு வேண்டிய கழிகளையெல்லாம் ஒரே தடவையில் வாங்குங்கள் என்றும், இரண்டு கழிகளை வரிக்கு வரி மாற்றி மாற்றிப் பின்னினால் பேதம் தெரியாது என்றும் சொல்லிக் கொடுப்பதும் வியாபாரத்தில் ஓர் அங்கமாயிற்று.

நடுவே நிற்பவர் நீங்கிவிட்டார் என்று சந்தோஷப்படுவதற்குள் 2022 இன் பொருளாதார நெருக்கடி வந்தது. டொலருக்கு இருநூறு ரூபாவளவில் இருந்த பெறுமதி சில மாதங்களுக்குள் முந்நூற்றறுபதை எட்டியது. எழுபதுகளில் இறக்குமதித் தடை நெசவாளரைக் காப்பாற்றியது, ஏனெனில் நூலை அரசு பங்கிட்டுக் கொடுத்தது. இம்முறை நூலும் சாயமும் படிகாரமும் தனித்தனியே சாயந்தோய்ப்பவளே விலைக்கு வாங்கவேண்டியவை, அவற்றுட் பெரும்பாலன கடல் கடந்து வருபவை. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருவோர் இல்லாதிருந்தால் பல மேசைகள் அவ்வருஷமே மடிக்கப்பட்டிருக்கும்.

விலை நிர்ணயிப்பதே இன்றும் அவளுக்குப் பெரும் சங்கடம். ஒரு தொப்பி பின்ன ஒரு பகற்பொழுது போய்விடும். அந்தப் பகலின் கூலியைச் சேர்த்து விலை சொன்னால், புறக்கோட்டைக் கெய்சர் வீதியில் இயந்திரத் தொப்பி என்ன விலை என்பதை அறிந்தவர் திரும்பிப் போகிறார். கூலியைச் சேர்க்காது விட்டால், வேர் கிண்டியவனுக்குக் கும்பனியார் செய்ததையே அவள் தனக்குச் செய்துகொள்கிறாள். ஆகையால், அனுபவப்பட்டவர்கள் பின்னிய உடைகளைக் கண்காட்சிக்கென இரண்டொன்று மாத்திரம் தொங்கவிட்டு, சாயமிட்ட கழிகளையே முன்வைத்து விற்கத் தலைப்பட்டிருக்கிறார்கள். தோய்ப்பதென்றால் ஒரே தொட்டியில் பத்துக் கழி இறக்கலாம், ஆகவே கூலி கழிக்குக் கழி பகிர்ந்துபோய்விடும். பின்னுகின்ற நேரத்தை வாங்குபவரே தம் வீட்டில் செலவிடட்டும் என்பது அவர்களுடைய கணக்கு.