கட்ச்சில் வீடுகள் எழுந்த விதம்

1819 ஜூன் 16 அன்று கட்ச்சில் பூமி அதிர்ந்தபோது, ரண் என்னும் உப்புச் சதுப்பு நிலத்தில் நெடுந்தூரத்துக்கு ஒரு மேடு எழும்பிச் சிந்து நதியின் கிளையொன்றை மறித்தது. மனிதர் கட்டாத அணை அது. ஆதலால் மக்கள் அதனை ‘அல்லாஹ் பந்த்’, அதாவது அல்லாஹ்வின் அணை என்றனர். நிலவியல் நூல்களிலும் இன்றுவரை அதுவே பெயர்.

அம்மண் 2001 ஜனவரி 26 காலையில் மீண்டும் அதிர்ந்தது. அஞ்சார் நகரின் குறுகிய தெருவில் குடியரசு நாள் ஊர்வலம் சென்ற பள்ளிப் பிள்ளைகள் பலர் இடிபாடுகளில் சிக்கி மடிந்தனர். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். ஆயினும் பன்னிப் புல்வெளியில் கால்நடை வளர்க்கும் முஸ்லிம்களின் ‘புங்கா’ எனும் வட்ட மண்வீடுகள் பெரும்பாலும் நின்றன. வட்டச் சுவருக்கு மூலையில்லை; அதிர்வு ஓரிடத்தில் குவியாது. புல் வேய்ந்த கூரைக்கும் கனமில்லை.

இதற்கு முன் 1993 செப்டம்பர் 30 அன்று மராட்டியத்தின் லாத்தூர்ப் பகுதியில் ஏறக்குறைய 10,000 பேர் இறந்திருந்தனர். அங்கே 52 கிராமங்கள் முற்றிலும் இடம் மாற்றப்பட்டன. பிறர் கட்டிக் கொடுத்த அவ்வீடுகள் உறுதியானவையே. எனினும் கிராமத்தார் வாழ்ந்த முறை அவற்றில் அடங்கவில்லை. மாடு கட்ட இடமின்றிப் பலர் தவித்தனர்.

கட்ச்சின் பெரும்பாலான கிராமங்கள் இடம் மாற மறுத்துவிட்டன. நம் பார்வையில் அம்மறுப்பே அவர்களைக் காத்தது. அரசு, பணத்தை வீட்டுக்காரரிடமே தவணைகளாகக் கொடுத்தது. பொறியாளர் வேலையைப் பார்த்துச் சான்றளித்த பின்பே அடுத்த தவணை. அடித்தளத்தின் மேலும் கதவு, சன்னல்களுக்கு மேலும் சுவரைச் சுற்றிக் கம்பி கட்டிய கான்கிரீட் பட்டை ஓட வேண்டும். நம் கொத்தனார்கள் ‘பெல்ட்’ என்பது இதைத்தான். உள்ளூர்க் கொத்தனார்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. இடிந்த வீட்டின் கல்லே பல இடங்களில் மீண்டும் சுவராயிற்று. இவ்வாறு 2 இலட்சம் வீடுகளுக்கு மேல் எழுந்தன.

ஆனால் புஜ் நகரில் வாடகைக்கு இருந்தோருக்கு இம்முறை போதிய துணையாகவில்லை. மனை உடையவருக்கே வீட்டுப் பணம். ஓசூர்த் தொழிற்சாலைகளை நம்பித் தொரப்பள்ளிப் பக்கம் குடிவந்த குடும்பங்கள் பலவும் வாடகை வீட்டில் இருப்பவையே என்பதால், இதனை நாம் எளிதாகக் கடந்துவிட இயலாது.

எங்கேனும் நிலநடுக்கம் என்றால் ஜும்ஆவுக்குப் பின் துண்டு விரித்து வசூலிக்கிறோம். உணவும் கம்பளியும் முதல் வாரத்தில் சென்றுவிடுகின்றன. சுவர் எழும்புவதோ ஓராண்டு கழித்து. ஆகவே அடுத்த வசூலில் ஒரு பங்கை நிறுத்திவைத்து, அந்த ஓராண்டு கழிந்தபின், வாடகை வீட்டை இழந்தோரை விசாரித்து அனுப்புமாறு நம் ஜமாஅத் நிர்வாகிகளை வேண்டுகிறோம்.