நம்பிக்கையின்மையில் பிறந்த விமானம்

தூய ஜெட் விமானம் முதன்முதலாகக் கப்பலில் இறங்கிய 1945 டிசம்பர் 3ஆம் நாள் நிகழ்ச்சியைப் பற்றிப் பேசும்போது, அதற்கு ஏறத்தாழ நான்கு வாரம் முன்பு நேர்ந்ததையும், பல நூல்கள் அடிக்குறிப்பில் ஒதுக்கிவிடும் ரையன் எஃப்.ஆர்-1 ஃபயர்பால் எனும் விசித்திர விமானத்தையும் தாண்டிச் செல்வது முறையாகாது.

தொடக்ககால ஜெட் எஞ்சின், விமானி விசையை முடுக்கியதும் உடனே வேகமெடுக்காமல் மெல்ல மெல்லவே உந்துவிசையைக் கூட்டியதால், இறங்கும் நேரத்தில் கணக்குத் தப்பினால் மீண்டும் மேலெழ வழியின்றிப் போகும் என அமெரிக்கக் கடற்படையினர் அஞ்சினர். இவ்வச்சத்துக்கு மாற்றாகவே, அட்மிரல் ஜான் மெக்கெய்னின் ஆதரவோடு, மூக்கில் புரொப்பல்லரைச் சுழற்றும் ரைட் சைக்ளோன் பிஸ்டன் எஞ்சினும் வாற்பகுதியில் சுமார் 1,600 பவுண்டு உந்துவிசை தரும் ஜெட் எஞ்சினும் கொண்ட இக்கலப்பு விமானம் உருவாகி, 1944 ஜூன் 25இல் முதன்முறை பறந்தது. இரு எஞ்சின்களும் ஒரே பெட்ரோலைக் குடித்ததால் தனித்தனி எரிபொருள் ஏற்பாடு தேவைப்படவில்லை. புரொப்பல்லரின் இதழ்களைக் காற்றுக்கு விளிம்பு காட்டும்படி திருப்பி நிறுத்திவிட்டு, ஜெட்டின் பலத்தில் மட்டும் பிற விமானங்களை முந்திச் சென்று அவற்றின் விமானிகளைத் திகைக்கவைப்பது ஃபயர்பால் விமானிகளுக்குப் பிடித்த குறும்பு; போர்முனையைக் காணும் முன்பே போர் முடிந்துவிட்டதால், அவர்கள் கலங்கடித்தது பெரும்பாலும் சொந்தப் படையினரைத்தான்.

1945 நவம்பர் 6இல், வேக் ஐலண்ட் என்னும் சிறிய விமானந்தாங்கிக் கப்பலை ஜேக் வெஸ்ட் என்ற இளம் அதிகாரி நெருங்கியபோது, மூக்கிலிருந்த பிஸ்டன் எஞ்சின் செயலிழந்தது. கடலில் விழுவதா, எவரும் நம்பாத ஜெட்டை நம்புவதா என்ற நிலையில் அவர் ஜெட்டை இயக்கி, மேல்தளத்தின் குறுக்கே கட்டப்பட்ட தடுப்பு வடங்களில் கடைசியானதை விமானத்தின் வாற்கொக்கி கவ்வ, இறங்கிவிட்டார்.

பிரிட்டனின் எரிக் பிரவுன், டிசம்பர் 3இல் சீ வேம்பயர் என்ற தூய ஜெட் விமானத்தை ஓஷன் என்ற கப்பலில் திட்டமிட்டு இறக்கியதன் சிறப்பை எவரும் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் பிழைக்க வேறு வழியின்றி நேர்ந்தது என்பதற்காக வெஸ்டின் முதன்மையைப் பறிப்பது வரலாற்றாசிரியர்களின் கஞ்சத்தனமே. ஜெட் மீதான ஐயத்தால் பொருத்தப்பட்ட எஞ்சினே கைவிட, ஐயத்துக்குள்ளான ஜெட்டே விமானியைக் காத்தது.

விமானத்துக்குக் கிடைத்த வாழ்வோ சிறிது: 66 மட்டுமே கட்டப்பட்டன, கப்பல் தளத்தில் மீண்டும் மீண்டும் இறங்கும் அதிர்ச்சியை உடற்கூடு தாங்காததால் 1947இல் அவை விலக்கப்பட்டன. அதற்குள், 1946 ஜூலையில், மெக்டோனல் நிறுவனத்தின் ஃபேன்டம் என்ற தூய ஜெட் அமெரிக்கக் கப்பலொன்றில் ஏறி இறங்கிவிட்டிருந்தது.