இலாகோ மாளிகைக் காவல்

பெங்களூரில் இன்சூரன்ஸ் சாஃப்ட்வேர் டீம் நடத்தும் மச்சினன் போனில் புலம்பினான். கிளெய்ம் பிரிவு ஆட்கள் விவரமே சொல்வதில்லையாம்.

இது பழைய கதைங்க. 1956-ல் 245 நிறுவனங்களைச் சேர்த்து உருவான எல்.ஐ.சி., 1964-ல் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தது. அடுத்து கல்கத்தாவுக்கு ஒன்று என்றதும் இலாகோ மாளிகையில் ஊழியர்கள் இரவு பகலாகக் காவல் இருந்து தடுத்தார்கள். நானும் சிரித்தவன்தான். ஆனால் பிரீமியம் நோட்டீஸையும் ஏஜெண்ட் கமிஷனையும் மெஷினே போட்டால் அந்த மேஜைக்காரர் எங்கே போவார்? பாலிசிதாரர்களுக்கு ஆன்லைன் சேவை தொடங்க 1995 ஜூலை ஆகிவிட்டது.

எங்கள் வங்கியில் கோர் பேங்கிங் வந்தபோது லெட்ஜர் பார்த்த பெரியவர் கேட்டதும் அதேதான்: “சார், என் சீட்டு?”

“முதலில் அவங்க சீட்டு என்னாகும்னு சொல்லுடா” என்றேன்.

“அது என் கையில இல்லையே அத்தான்” என்றான்.