மகள்களுக்கு ஹெச்.பி.வி. தடுப்பூசி: அமெரிக்கக் கிறிஸ்தவப் பெற்றோரின் முடிவு

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் மனிதப் பாப்பிலோமா வைரஸ் (ஹெச்.பி.வி.) பெரும்பாலும் உடலுறவின் வழியே பரவுகிறது. அதைத் தடுக்கும் ஊசியைப் பதினொன்று, பன்னிரண்டு வயதிலேயே போட வேண்டும் என்று அமெரிக்காவில் 2006-ல் பரிந்துரைக்கப்பட்டது. திருமணத்துக்கு முன் உடலுறவு பாவம் என்று மகளுக்குக் கற்பிக்கும் கிறிஸ்தவப் பெற்றோர் பலர், அந்தப் போதனைக்கும் இந்த ஊசிக்கும் முரண் உண்டா என்று கேட்கத் தொடங்கினர். அடுத்த பத்தாண்டுகளில் இந்தக் கேள்வி தேவாலயம், பள்ளி, சட்டமன்றம், மருத்துவரின் அறை எல்லாவற்றிலும் எழுந்தது. அதற்கான விடைகளில் சில இன்று ஆய்வுகளால் உறுதியாகிவிட்டன. சில பெற்றோரின் மனச்சாட்சியைச் சார்ந்தே நிற்கின்றன.

வைரஸும் ஊசியும்

ஹெச்.பி.வி.யில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. பெரும்பாலானவை தீங்கற்றவை. சுமார் பதினான்கு வகைகள் புற்றுநோய்க்கு இட்டுச்செல்பவை. அவற்றில் 16, 18 ஆகிய இரண்டு வகைகள் மட்டுமே கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் ஏறத்தாழ 70 சதவீதத்துக்குக் காரணம். இந்த இரண்டையும் 1983, 1984 ஆண்டுகளில் புற்றுத் திசுக்களில் கண்டறிந்த ஜெர்மானிய அறிவியலாளர் ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது. தொற்று ஏற்பட்டவர்களில் பெரும்பாலோரின் உடல் ஓரிரு ஆண்டுகளில் வைரஸை ஒழித்துவிடும். ஒழியாமல் தங்கிவிடும் சிலருக்குத்தான் பல ஆண்டுகள் கழித்துப் புற்று உருவாகிறது. அதுவரை வலியோ புண்ணோ தெரிவதில்லை. தொற்றைச் சுமப்பவருக்கே தன்னிடம் அது இருப்பது தெரியாது என்பதைப் பெற்றோர் முதலில் அறிந்துகொள்ள வேண்டும். பின்வரும் விவாதம் முழுவதும் இதைச் சார்ந்தே நகர்கிறது.

ஊசிக்கான அடிப்படை 1991-ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் இயான் ஃப்ரேசர், ஜியான் ஜோ இருவரின் ஆய்வில் உருவானது. அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் டக்ளஸ் லோயி, ஜான் ஷில்லர் ஆகியோர் அதை முன்னெடுத்தனர். வைரஸின் மேலுறையில் உள்ள எல்1 என்ற புரதத்தைத் தனியே தயாரித்தால், அதன் 360 மூலக்கூறுகள் தாமாகவே ஒன்றுகூடி வைரஸின் உருவிலேயே ஓர் உருண்டையாகின்றன. அந்த உருண்டைக்குள் மரபணு கிடையாது. ஆகவே ஊசியால் தொற்று ஏற்பட வழியில்லை; உடலோ உண்மையான வைரஸ் வந்ததாகவே எடுத்துக்கொண்டு எதிர்ப்பொருளைச் சுரக்கிறது. மெர்க் நிறுவனத்தின் கார்டசில் ஊசிக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2006 ஜூன் 8 அன்று ஒப்புதல் அளித்தது. 9 முதல் 26 வயது வரையிலான பெண்களுக்கு அது அனுமதிக்கப்பட்டது. மூன்று தவணைகளுக்குமாகச் சேர்த்து அப்போதைய விலை 360 டாலர்.

பதினொரு வயதில் ஏன் என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஏற்கெனவே உடலில் புகுந்துவிட்ட வகையை இந்த ஊசி விரட்டாது. ஆகவே தொற்றுக்கு வாய்ப்பே ஏற்படும் முன் போட்டாக வேண்டும். மேலும், சிறுவயதில் உடல் சுரக்கும் எதிர்ப்பொருள் பதின்பருவத்தின் பிற்பகுதியில் சுரப்பதைவிட அதிகம். பெண் பதினோராம் வயதில் உடலுறவில் ஈடுபடுவாள் என்ற ஊகம் எந்தக் காரணத்திலும் இல்லை. பல பெற்றோர் பரிந்துரையை அப்படியே புரிந்துகொண்டதுதான் மனக்கசப்பின் தொடக்கம்.

எதிர்ப்பு எழுந்த விதம்

ஊசி சந்தைக்கு வரும் முன்பே, 2005-ல், வாஷிங்டனில் இயங்கும் பழமைவாதக் கிறிஸ்தவ அமைப்பான குடும்ப ஆய்வுக் குழுவைச் சேர்ந்தவர்கள் கவலை தெரிவித்தனர். இதை இளம்பெண்கள் திருமணத்துக்கு முந்தைய உறவுக்கான அனுமதியாக எடுத்துக்கொள்ளக்கூடும் என்பது அவர்கள் அச்சம். அந்த அச்சத்துக்கு ஒரு பின்னணி இருந்தது. 1993-ல் தென் பாப்டிஸ்ட் சபையினர் தொடங்கிய ‘உண்மைக் காதல் காத்திருக்கும்’ என்ற இயக்கத்தில் திருமணம் வரை கன்னிமை காப்பதாக லட்சக்கணக்கான பதின்பருவத்தினர் உறுதிமொழி அட்டைகளில் கையெழுத்திட்டிருந்தனர். உடல் பரிசுத்த ஆவியின் ஆலயம் என்று கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் பவுல் சொன்னது அந்த இளைஞர் கூட்டங்களில் அடிக்கடி எடுத்துரைக்கப்பட்டது. அத்தகைய வீட்டில் வளர்ந்த மகளிடம் பாலியல் வழியே பரவும் நோய்க்கு ஊசி போடலாம் என்று சொல்வது, அவள் மேல் வைத்த நம்பிக்கையைக் குறைத்துக்கொள்வதாகத் தாய்க்கோ தகப்பனுக்கோ தோன்றியது. அந்தத் தயக்கத்தை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. அது மகளின் நல்வாழ்வைப் பற்றிய உண்மையான அக்கறையிலிருந்து வந்தது.

எனினும் கிறிஸ்தவ அமைப்புகள் ஊசியையே எதிர்த்தன என்ற பரவலான எண்ணம் சரியன்று. குடும்ப ஆய்வுக் குழு விரைவில் ஊசி கிடைப்பதை வரவேற்றது. கொலராடோவிலிருந்து இயங்கும் ஃபோகஸ் ஆன் த ஃபேமிலி அமைப்பும் ஊசி எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்றே அறிவித்தது. அமெரிக்கத் தேசியக் கத்தோலிக்க உயிரறவியல் மையம் இந்த ஊசியைப் பெறுவது அறநெறிக்கு ஏற்புடையது என்றது. இவை எதிர்த்தது ஒன்றைத்தான்: பள்ளியில் சேர இந்த ஊசி கட்டாயம் என்று அரசு விதிப்பதை. தட்டம்மை வகுப்பறையில் பரவும்; ஹெச்.பி.வி. அப்படிப் பரவாது, ஆகவே முடிவு பெற்றோருடையது என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் உண்டு. ஆனால் கல்லீரல் அழற்சி-பி வைரஸும் உடலுறவால் பரவக்கூடியதே. அதற்கான ஊசி 1991 முதல் கைக்குழந்தைகளுக்கே பரிந்துரைக்கப்பட்டது. பல மாநிலங்களில் பள்ளிச் சேர்க்கைக்கும் கேட்கப்பட்டது. அப்போது இவ்வளவு பெரிய எதிர்ப்பு எழவில்லை.

டெக்சஸ் ஆணை

கட்டாயமாக்கும் முயற்சி எவ்வளவு கெடுதல் செய்யும் என்பதை டெக்சஸ் காட்டியது. 2007 பிப்ரவரி 2 அன்று ஆளுநர் ரிக் பெர்ரி, ஆறாம் வகுப்பில் சேரும் சிறுமிகளுக்கு ஹெச்.பி.வி. ஊசியைக் கட்டாயமாக்கி நிர்வாக ஆணை பிறப்பித்தார். மனச்சாட்சியின் பேரில் பெற்றோர் விலக்குப் பெறவும் அதில் இடம் இருந்தது. பெர்ரி கருக்கலைப்பை எதிர்க்கும் பழமைவாதக் கிறிஸ்தவர். அவருடைய ஆதரவாளர்களான சபையினரே முதலில் கொதித்தெழுந்தனர். அவரது முன்னாள் தலைமை அலுவலர் ஒருவர் மெர்க் நிறுவனத்துக்காக அரசிடம் பரிந்து பேசுபவராக இருந்தது ஐயத்தை வளர்த்தது. அந்த மாதமே, மாநிலங்களில் கட்டாயச் சட்டத்துக்காக நடத்திவந்த பரப்புரையை மெர்க் நிறுத்திக்கொண்டது. மே மாதத்துக்குள் சட்டமன்றம் ஆணையைச் செல்லாததாக்கியது. 2011-ல் அதிபர் வேட்பாளராக முயன்றபோது, தான் அப்படி ஆணையிட்டது தவறு என்று பெர்ரியே ஒப்புக்கொண்டார். வர்ஜீனியாவும் தலைநகர் வாஷிங்டனும் விலக்குகளோடு கூடிய விதியை இயற்றின. பெரும்பாலான மாநிலங்கள் அதன்பின் இந்தப் பக்கமே வரவில்லை.

இந்தச் சண்டையில் இரண்டு கேள்விகள் ஒன்றாகக் கலந்துவிட்டன. அரசு கட்டாயப்படுத்தலாமா என்பது ஒன்று. என் மகளுக்கு இது நல்லதா என்பது இன்னொன்று. முதலாவதற்கு ‘கூடாது’ என்று விடை சொன்ன பெற்றோர் பலர், இரண்டாவதை ஆராயாமலேயே விட்டுவிட்டனர்.

கத்தோலிக்கப் பள்ளிகளும் கனடாவும்

கத்தோலிக்கரிடையே இன்னொரு கேள்வியும் இருந்தது. ருபெல்லா ஊசி, கருக்கலைப்பில் பெறப்பட்ட திசுவிலிருந்து வளர்த்த உயிரணுக்களில் தயாராவது. அதைப் பெறலாமா என்று 2005-ல் திருத்தந்தையின் வாழ்வுக்கான கழகம் விரிவாக ஆராய்ந்திருந்தது. ஹெச்.பி.வி. ஊசிக்கு அந்தச் சிக்கல் இல்லை. கார்டசில், ரொட்டி மாவைப் புளிக்கவைக்கும் ஈஸ்டில் தயாராகிறது. கிளாக்ஸோ நிறுவனத்தின் செர்வாரிக்ஸ் பூச்சியின் உயிரணுக்களில் தயாரானது. எஞ்சியது கற்பு பற்றிய கேள்வி மட்டுமே.

கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலம் 2008-ல் பள்ளிகளில் இலவசமாக ஊசி போடத் தொடங்கியபோது, ஆயர் ஃப்ரெட் ஹென்றியின் கருத்தை ஏற்று கால்கரி கத்தோலிக்கப் பள்ளி வாரியம் தன் பள்ளிகளில் அதை அனுமதிக்க மறுத்தது. ஊசி வேண்டும் என்ற பெற்றோர் மகளைத் தனியே பொதுச் சுகாதார மையத்துக்கு அழைத்துச்செல்ல வேண்டியதாயிற்று. வேலைக்குச் செல்லும் தாய்க்கு அது ஒவ்வொரு தவணைக்கும் அரைநாள் விடுப்பு. விளைவு எதிர்பார்த்ததே: அந்தப் பள்ளிகளில் ஊசி பெற்ற சிறுமிகளின் விகிதம் மற்றப் பள்ளிகளைவிட மிகக் குறைந்தது. மருத்துவர்களும் அறவியலாளர்களும் தொடர்ந்து வாதாடியபின், 2012 நவம்பரில் வாரியம் தடையை நீக்கியது.

நடத்தை மாறுகிறதா?

ஊசி போட்டால் பிள்ளை துணிந்துவிடுவாள் என்ற அச்சம் சோதித்துப் பார்க்கக்கூடியது, சோதிக்கவும்பட்டது. அட்லாண்டாவில் 11–12 வயதுச் சிறுமிகள் 1,398 பேரின் மருத்துவப் பதிவுகளை மூன்றாண்டுகள் வரை தொடர்ந்த ஆய்வு 2012-ல் வெளியானது. கருத்தடை ஆலோசனை, கர்ப்பப் பரிசோதனை, பாலியல் நோய் ஆகியவற்றில் ஊசி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கனடாவின் ஒன்டாரியோவில் சுமார் 2,60,000 சிறுமிகளை ஆராய்ந்து 2015-ல் வெளியான ஆய்வும் இதையே சொன்னது. பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி உறவைத் தவிர்ப்பதற்கு இருபது ஆண்டுகள் கழித்து வரக்கூடிய புற்றுநோய் காரணமாக இருப்பது அரிது. அவளைக் காப்பது வீட்டில் பெற்ற நம்பிக்கையும் பெற்றோரோடு உள்ள உறவும்தான். அவற்றை ஊசி தொடுவதில்லை.

கன்னிமை உறுதிமொழி எடுத்தவர்களைப் பற்றிய ஆய்வுகள் வருத்தமான செய்தி ஒன்றைச் சொல்கின்றன. உறுதிமொழியைக் காக்க முடியாமல் போனவர்களிடம் பாலியல் நோய்கள் மற்றவர்களைவிடக் குறைவாக இல்லை. ஒன்றுக்கு மேற்பட்ட துணைவர்களைக் கொண்ட பெண்களில், உறுதிமொழி எடுத்தவர்களிடம் ஹெச்.பி.வி. தொற்று அதிகமாகவே இருந்ததாக 2016-ல் ஓர் ஆய்வு காட்டியது.

உறுதிமொழியை முழுமையாகக் காத்த பெண்ணின் நிலையும் எண்ணிப் பார்க்க வேண்டியது. திருமண நாள் வரை கன்னியாக இருந்தவளுக்குத் தொற்று வரும் வழி அவள் கணவனே. அவன் மனந்திரும்பிச் சபையில் சேர்ந்தவனாக இருக்கலாம். பழைய வாழ்வை முழுமனதோடு விட்டவனாக இருக்கலாம். மன்னிப்பு அவன் பாவத்தை நீக்கும். அவன் உடலில் தங்கிய வைரஸை நீக்காது. ஆண்களுக்கு இதை அறியும் வழக்கமான பரிசோதனையும் கிடையாது. கணவனை இழந்து மறுமணம் செய்பவளுக்கும், வன்கொடுமைக்கு ஆளாகும் பெண்ணுக்கும் இதே ஆபத்து உண்டு. மகளின் ஒழுக்கத்தை முழுமையாக நம்பும் பெற்றோருக்கும் ஊசி போட இதுவே போதிய காரணம். கிறிஸ்தவ மருத்துவர்கள் பலர் பெற்றோரிடம் எடுத்துச்சொல்லும் வலுவான வாதமும் இதுதான்.

பாதுகாப்பும் பயனும்

அமெரிக்கப் பெற்றோர் ஊசியை மறுக்கச் சொல்லும் காரணம் காலப்போக்கில் மாறிவிட்டது. மகள் உறவில் ஈடுபடவில்லை என்பது குறைந்து, பக்கவிளைவு பற்றிய அச்சம் முன்னுக்கு வந்துள்ளது. 2011-ல் அதிபர் வேட்பாளர் விவாதத்தை ஒட்டி, இந்த ஊசியால் ஒரு சிறுமிக்கு மூளை வளர்ச்சி பாதிக்கப்பட்டதாக, பெர்ரியோடு போட்டியிட்ட மிஷேல் பாக்மன் யாரோ சொன்னதை எடுத்துச்சொன்னது அதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அந்தக் கூற்றுக்கு மருத்துவச் சான்று எதுவும் கிடைக்கவில்லை. உண்மையில் வழக்கமாகக் காணப்படுபவை மேற்கையில் வலி, வீக்கம், சிலருக்குக் காய்ச்சல், தலைவலி. பதின்பருவத்தினர் ஊசி போட்டதும் மயங்கி விழுவதுண்டு. அதனால் கால்மணி நேரம் உட்காரவைத்தே அனுப்புகின்றனர்.

பயனைப் பொறுத்தவரை ஐயத்துக்கு இடம் இல்லை. ஏறத்தாழ 17 லட்சம் பேரை ஆராய்ந்து சுவீடனில் 2020-ல் வெளியான ஆய்வில், 17 வயதுக்கு முன் ஊசி பெற்றவர்களிடம் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் 88 சதவீதம் குறைந்திருந்தது. ஸ்காட்லாந்தில் 12–13 வயதில் ஊசி பெற்ற பெண்களில் ஒருவருக்கும் ஊடுருவும் புற்றுநோய் வரவில்லை என்று 2024-ல் அறிவிக்கப்பட்டது. எனினும் கர்ப்பப்பை வாயில் புற்றின் அறிகுறியைக் கண்டறிய வயது வந்தபின் செய்துகொள்ளும் பாப் பரிசோதனைக்கு ஊசி மாற்றாகாது.

மகன்களுக்கும் இந்த ஊசி 2011 முதல் அமெரிக்காவில் பரிந்துரைக்கப்பட்டது. தொண்டைப் புற்றுநோயில் ஹெச்.பி.வி.யின் பங்கு தெரிந்தபின் பேச்சு ‘மகளின் கற்பு’ என்பதிலிருந்து ‘பிள்ளைகளின் புற்றுநோய்’ என்பதற்கு மெல்ல நகர்ந்தது; அதனால் பல வீடுகளில் முடிவெடுப்பது எளிதானது.

பிற கிறிஸ்தவச் சமூகங்கள்

நெதர்லாந்தின் வைதீகச் சீர்திருத்தச் சபையினரிடம் கேள்வி வேறு. நோயும் நலமும் கடவுளின் திருவுளம் என்று கருதும் குடும்பங்கள் போலியோ, தட்டம்மை ஊசிகளையே மறுத்தவை. இந்த ஊசியை மறுத்ததில் அவர்களுக்குப் புதுமை இல்லை. கென்யாவில் 2019-ல் கத்தோலிக்க மருத்துவர்களின் சங்கம் ஒன்று ஊசியை எதிர்த்தது. மக்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்களான ருவாண்டாவிலோ, 2011-ல் தொடங்கிய பள்ளித் திட்டத்தில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்ட சிறுமிகள் ஊசி பெற்றனர். ஒரே வேதத்தைப் படிப்பவர்கள் வெவ்வேறு முடிவுக்கு வந்திருப்பது, வேதத்தைவிட அரசின் மீதும் மருத்துவத்தின் மீதும் உள்ள நம்பிக்கையே முடிவைத் தீர்மானிக்கிறது என்பதைக் காட்டுகிறது.

தமிழ்நாட்டுக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. இரண்டு தவணை போதுமா, மூன்று வேண்டுமா என்று அறிய 2009-ல் இந்தியாவில் தொடங்கிய பெரிய ஆய்வின் மையங்களில் ஒன்று திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்தவ ஐக்கிய சமூக சுகாதார மையம். ஆந்திரத்திலும் குஜராத்திலும் நடந்த வேறொரு திட்டம் பற்றிய சர்ச்சையால், 2010-ல் இந்த ஆய்விலும் ஊசி போடுவது நிறுத்தப்பட்டது. ஆயிரக்கணக்கான சிறுமிகள் ஒரே தவணையோடு நின்றனர். அவர்களைப் பத்தாண்டுகள் தொடர்ந்தபோது, ஒரு தவணையே 16, 18 வகைகளின் நீடித்த தொற்றைத் திறம்படத் தடுப்பது தெரியவந்தது. 2022-ல் உலக சுகாதார நிறுவனம் ஒற்றைத் தவணையை ஏற்றதற்கு இந்தச் சிறுமிகளின் தரவும் ஓர் ஆதாரம்.

பெற்றோர் மறுத்தாலும் பதினெட்டு வயதுக்குப் பின் மகள் தானே முடிவெடுத்து ஊசி போட்டுக்கொள்ளலாம். ஆனால் தொற்று ஏற்பட்டபின் அந்த வகைக்கு எதிராக ஊசி பயன்படாது. ஒன்பது முதல் பதினான்கு வயதுக்குள் கிடைக்கும் முழுப் பாதுகாப்பைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு பெரும்பாலும் பெற்றோரிடமே உள்ளது.