வெள்ளைச் சேற்றின் சாட்சி

2001-ஆம் ஆண்டின் இறுதியில், ஹவாய்க்குத் தென்கிழக்கே நடுப் பசிபிக்கில் நின்றிருந்தது 'ஜாய்டிஸ் ரெசல்யூஷன்' என்ற துளையிடும் கப்பல். கீழே ஏறக்குறைய 4,800 மீட்டர் தண்ணீர். அதற்கும் அடியிலிருந்த சேற்றைக் குழாய்விட்டு உருளை உருளையாக மேலே கொண்டுவந்து, நெடுக்காகப் பிளந்து மேசையில் கிடத்தினார்கள். அடிப்பக்கம் பழுப்பு நிறம். சுண்ணாம்பு அதில் அரிது. ஓரிடத்தில் நிறம் வெளுக்கத் தொடங்கி, அதற்கு மேலே மீட்டர் கணக்கில் வெள்ளைச் சுண்ணாம்புச் சேறு. நிறம் மாறிய அந்த இடத்தின் வயது சுமார் 3.4 கோடி ஆண்டுகள்.

அண்டார்டிகாவைப் பனி மூடியதும் அப்போதுதான். துருவத்தில் நடந்த காரியத்துக்கு வெப்பமண்டலக் கடலடி எப்படிச் சாட்சியாயிற்று?

சென்ற இதழில், இதற்கு முந்தைய ஈயோசீன் காலத்து வெப்பத்தைப் பார்த்தோம். அண்டார்டிகாவின் கரையோரம் பனைமரம் நின்ற காலம். ஆழ்கடல் நீரே 12 டிகிரி இருந்த காலம். அதன் பிறகு ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கும் மேலாகச் சூடு மெல்ல மெல்லத் தணிந்தது. காற்றிலிருந்த கரியமில வாயு குறைந்துகொண்டே வந்தது. இந்தியத் தட்டு ஆசியாவில் மோதி உயர்த்திய மலைகளின் பாறைகள், மழையில் கரைந்து அந்த வாயுவைக் குடித்தன என்று வாதிடுவோர் உண்டு. எவ்வளவு குடித்தன என்பதில் சண்டை ஓயவில்லை. நாம் அதற்குள் போக வேண்டாம்.

துப்பு முதலில் கிடைத்தது ஃபொராமினிஃபெரா என்ற நுண்ணுயிர்களின் ஓடுகளில். பெரும்பாலானவை மணல் பருக்கை அளவுதான். கடல் நீரிலுள்ள ஆக்சிஜனில் ஐந்நூறில் ஒன்று சற்றுக் கனமான வகை. தண்ணீர் ஆவியாகும்போது லேசானது முந்திக்கொள்ளும். அது பனியாய் விழுந்து கரையில் உறைந்துவிட்டால், கடலில் மிஞ்சுவது கனமான ஆக்சிஜன். அந்த நீரில் ஓடு கட்டிய உயிரின் ஓடும் கனக்கும். இந்தக் கணக்கில் கைதேர்ந்தவர் கேம்பிரிட்ஜின் நிக்கோலஸ் ஷாக்கிள்டன். கிளாரினெட் வாசிப்பதிலும் சேர்ப்பதிலும் பித்துக்கொண்டவர். அவரும் ஜேம்ஸ் கென்னட்டும் நியூசிலாந்துக்குத் தெற்கே எடுத்த சேற்றை ஆராய்ந்து 1975-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஈயோசீன் முடிகிற இடத்தில் ஓடுகள் திடீரெனக் கனத்திருந்தன.

ஆனால் ஒரு சிக்கல். நீர் குளிர்ந்தாலும் ஓடு கனக்கும். இது குளிரா, பனியா? குளிர்தான் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பெரும் பனிப் போர்வை வந்தது அதற்கு வெகுகாலம் கழித்து என்றார்கள். அந்தத் தீர்ப்பை அசைத்தது கொஞ்சம் மணல். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் உள்ள கெர்கெலன் மேட்டில் 1988-ல் துளையிட்டபோது, அதே வயதுள்ள மென்சேற்றுக்குள் கரடுமுரடான குவார்ட்ஸ் பருக்கைகள் கிடைத்தன. நடுக்கடலுக்கு இவ்வளவு பெரிய மணலைக் காற்று சுமந்துவராது. கண்டத்தைச் சுரண்டிக்கொண்டு கடலில் இறங்கி, மிதந்துவந்து உருகிய பனிப்பாறைகள் உதிர்த்துப்போனவை அவை.

மீண்டும் வெள்ளைச் சேற்றுக்கு வருவோம். ஆழ்கடலில் ஒரு மட்டத்துக்குக் கீழே விழும் சுண்ணாம்பு ஓடுகள் கரைந்துபோகும். பசிபிக்கில் துளையிட்ட இடம் ஈயோசீன் காலத்தில் அந்த மட்டத்துக்குக் கீழே கிடந்தது, அதனால்தான் பழுப்பு. பனி எழுந்ததும் அந்த மட்டம் ஒரு கிலோமீட்டருக்கு மேல் கீழிறங்கியது. காரணம், கடல் வற்றியதுதான் என்பது பலரும் ஏற்கும் விளக்கம். பனியாகக் கரையேறிய நீரால் கடல்மட்டம் 50 முதல் 70 மீட்டர்வரை தாழ்ந்தது. பவளத்திட்டுகளும் ஆழமற்ற கரைப்பகுதிகளும் வெயிலுக்கு வந்தன. ஆறுகள் கொண்டுவந்த சுண்ணாம்புச் சத்து கரையோரத்தில் தங்க இடமின்றி நேரே ஆழ்கடலுக்குப் போயிற்று. ஹெலன் காக்ஸலும் கூட்டாளிகளும் 2005-ல் இதை அளந்து சொன்னார்கள்: மாற்றம் இரண்டு பாய்ச்சலில் நடந்தது. ஒவ்வொன்றும் சுமார் 40,000 ஆண்டுகள். நடுவே 2 லட்சம் ஆண்டு இடைவேளை. கடலின் ரசாயனமே மாறுவதற்கு, பூமிக் கணக்கில் இது கண்சிமிட்டும் நேரம்.

சரி, பனியை மூட்டிவிட்டது யார்? கென்னட்டின் பதில் பிரபலமானது. ஆஸ்திரேலியாவும் தென்னமெரிக்காவும் விலகியதால் அண்டார்டிகாவைச் சுற்றிக் கடல்வழி திறந்தது. வட்டமடிக்கும் நீரோட்டம் வெப்பநீரை அண்டவிடாமல் தடுத்தது என்றார். அழகான கதைதான். ஆனால் 2003-ல் டிகோன்டோ, பொல்லார்ட் என்ற ஆய்வாளர்கள் கணினி மாதிரியில் பார்த்தபோது, கரியமில வாயு ஓர் எல்லைக்குக் கீழே இறங்கினாலே பனி மளமளவென்று பெருகியது. கடல்வழி திறந்ததன் பங்கு சிறிதாகவே தெரிந்தது. எனக்கும் இந்தப் பக்கமே நியாயம் தெரிகிறது. நீரோட்டம் இன்றைய வலுவைப் பெற்றதே வெகு பின்னால் என்று கருதும் ஆய்வாளர்கள் பலர். இன்று அது சுமக்கும் நீர், உலக ஆறுகள் அத்தனையும் சேர்ந்து சுமப்பதைப்போல் நூறு மடங்குக்கும் மேல்.

கடல்வழி திறந்தது பனியைத் தொடங்கிவைக்கவில்லை என்றாலும், குளிர் கடலைத் தலைகீழாக்கியது. அண்டார்டிகக் கரையில் கடல் நீர் உறையும்போது உப்பை வெளியே தள்ளும். உப்பேறிய குளிர்நீர் கனத்து, சரிவில் வழிந்து உலகக் கடல்களின் அடித்தளம் நெடுக ஊர்ந்துபோகும். வங்கக் கடலின் மேற்பரப்பில் 28 டிகிரி இருக்கும். 4,000 மீட்டர் ஆழத்தில் 2 டிகிரிகூட இல்லை. தெற்கிலிருந்து வழிநெடுகக் கலந்து வந்து சேர்ந்த குளிர் அது.

அந்தக் குளிர்க் கடலில் உயிர்களும் மாறின. எகிப்தின் வாதி அல் ஹிதான் பாலைவனத்தில் எலும்புக்கூடுகளாகக் கிடக்கும் பசிலோசாரஸ், 15 மீட்டருக்கும் மேல் நீண்ட வேட்டைத் திமிங்கிலம். அந்த இனம் ஈயோசீனின் முடிவைத் தாண்டவில்லை. சத்து நிறைந்த அடிநீர் தெற்கே மேலெழ, டயட்டம் பாசிகள் பெருகின. அங்கே சீமோர் தீவில் கிடைத்த லானோசீட்டஸ், இன்றைய பெருந்திமிங்கிலங்களின் ஆதி உறவு; அப்போதே 8 மீட்டர் நீளம். அவற்றைப்போல் வாயில் சல்லடை வைத்து இரையை வடிகட்டித் தின்றிருக்கும் என்று முதலில் நினைத்தார்கள். 2018-ல் அதன் பற்களைக் கூர்ந்து பார்த்தபோது, கடித்துத் தேய்ந்த தடங்கள் இருந்தன. உடல் முதலில் பெருத்திருக்கிறது. சல்லடை பின்னால் வந்திருக்கிறது.

கடல் வற்றிய வழியே ஆசிய விலங்குகள் ஐரோப்பாவுக்குள் நடந்து நுழைந்த கதை அடுத்த இதழில்.